தர்மபுரி உப்புத் தண்ணீருக்கு சாஃப்ட்னர்: 14 மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

வீட்டில் சாஃப்ட்னர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பை எடுக்கிற கருவி, போட்டு 14 மாதம் ஆகிறது. போட்ட நாளிலிருந்து சொந்தக்காரர்கள், தெருவில் புதுவீடு கட்டுகிறவர்கள், கூட வேலை செய்கிறவர்கள் என்று எத்தனையோ பேர் "வாங்கலாமா, வேண்டாமா" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ இது நல்ல பொருள், போட்ட பணத்துக்கு எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் குடிக்கிற தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நம்ம மாவட்டத்தில் இந்த இரண்டையும் குழப்பி விற்கிறார்கள். அது எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வீடு தர்மபுரியில், பென்னாகரம் ரோட்டுப் பக்கம். 520 அடி போர். தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் கசப்பு கலந்த உப்பு. குடிவந்த இரண்டே வருடத்தில் ஷவரில் பாதி ஓட்டை அடைத்துக்கொண்டது. குளியலறை டைல்ஸில் எத்தனை தேய்த்தாலும் போகாத வெள்ளைப் பூச்சு, எவர்சில்வர் டம்ளரில் வளையம் வளையமாகக் கறை, பக்கெட்டின் உள்பக்கம் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. துவைத்த துண்டு காய்ந்தால் அப்பளம்போல விறைத்து நிற்கும். இதெல்லாம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புதுசு இல்லை, பழகிவிட்டோம். எனக்குப் பொறுமை போனது கீசரில்தான். மூன்று வருடத்தில் இரண்டு முறை ஹீட்டிங் காயில் போனது. இரண்டாவது தடவை மெக்கானிக் அண்ணா டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தார், உள்ளேயிருந்து ஓடு ஓடாக வெள்ளைக் கல் ஒரு படி அளவுக்கு விழுந்தது. "அக்கா, காயில் மேல தப்பு இல்ல. இத்தனை கல்லுக்குள்ள புதைஞ்சு கெடந்தா எந்தக் கம்பெனி காயிலும் எரிஞ்சுதான் போகும்" என்றார்.

அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கிணறு வெட்டுகிறவர்கள் சுக்கான் பாறை என்று சொல்வார்களே, அது சுண்ணாம்புதான். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமிலவாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகி, வழியில் இருக்கிற கால்சியம், மெக்னீசியத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது. பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. சூடு பட்டவுடன் வாயு வெளியேறிவிடும், கால்சியம் மறுபடியும் கல்லாகப் படிந்துவிடும். அதனால்தான் குழாயைவிட கீசர், இட்லிப் பானை, வாஷிங் மெஷின் ஹீட்டர் எல்லாம் முதலில் அடி வாங்குகின்றன. தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியம், மெக்னீசியத்தின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள். கொதிக்க வைத்தால் படிகிற இந்தப் பகுதி தற்காலிகக் கடினத்தன்மை. சல்பேட், குளோரைடாக இருக்கிற பகுதி எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அப்படியே இருக்கும், அது நிரந்தரம். ஆகவே "காய்ச்சி வடிகட்டினால் போதும்" என்று சொல்வது பாதிதான் சரி, வீட்டுத் தண்ணீர் முழுவதையும் காய்ச்ச யாராலும் முடியாது.

பருப்பு விஷயமும் இதே கதைதான். எங்கள் அத்தை போர் தண்ணீரில் துவரம்பருப்பு போடவே மாட்டார். ஆறு விசில் வைத்தாலும் மசியாது. பருப்பில் இருக்கிற பெக்டினோடு கால்சியம் சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. அத்தைக்கு பெக்டின் எல்லாம் தெரியாது, ஆனால் அவர் அம்மா காலத்திலேயே பருப்புக்கென்று தனியாக நல்ல தண்ணீர்க் கிணற்றில் ஒரு குடம் எடுத்து வருவார்களாம். ஊருக்கு ஊர் உப்புக் கிணறு, நல்ல தண்ணீர்க் கிணறு என்று பேர் வைத்துப் பிரித்தது சும்மா இல்லை.

சரி, சாஃப்ட்னருக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், இன்னும் நிறையப் பேர் அதை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பொருட்காட்சி ஒன்றில் பைப்பைச் சுற்றி மாட்டுகிற காந்தக் கருவி விற்றார்கள். உப்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம், மாட்டினால் போதும், உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும் என்று பேச்சு. 7,800 ரூபாய் கொடுத்து வாங்கினோம். ஐந்து மாதம் மாட்டி வைத்திருந்தோம், ஷவரும் பக்கெட்டும் அப்படியேதான் இருந்தன, அந்த இரண்டாவது காயில் போனதும் இந்த ஐந்து மாதத்துக்குள்தான். போன் போட்டுக் கேட்டால், "கடினத்தன்மை குறையாது மேடம், ஆனா உப்போட வடிவம் மாறிடும், ஒட்டாது" என்று புது விளக்கம். காந்தம் தண்ணீரில் இருக்கிற கால்சியத்தை எடுப்பதில்லை. எடுக்காத பொருள் எப்படிக் குறையும்? குழாய் முனையில் மாட்டுகிற சின்ன ஃபில்டரும் எங்கள் அளவு கடினத்துக்கு உதவாது, அதற்குள் இருக்கிற ஒரு பிடி ரெசின் (கடினத்தைப் பிடிக்கிற பிளாஸ்டிக் மணிகள்) இரண்டு குளியலுக்குக்கூடத் தாங்காது.

அதற்குப் பிறகுதான் முதலில் அளந்து பார்ப்போம் என்ற புத்தி வந்தது. நாங்கள் செய்ததில் மிகச் சரியான காரியம் இதுதான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதித்தோம். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 720 மில்லிகிராம். ஃபுளோரைடு, அதாவது அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற பொருள், 1.9. டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற மொத்த உப்பு, 1,340. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 கடினத்தன்மைக்கு 200 இருக்கலாம் என்கிறது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் அதிகபட்சம் 600. ஃபுளோரைடு 1.0 இருக்கலாம், வேறு வழி இல்லையென்றால் 1.5. நாங்கள் இரண்டிலும் கடைசிக் கோட்டையும் தாண்டியிருந்தோம்.

720 என்ற எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டில் ஐந்து பேர். கழிவறையையும் செடிகளையும் விட்டுவிட்டால் குளிக்க, துவைக்க, பாத்திரத்துக்கு ஒரு நாளைக்கு சுமார் 550 லிட்டர். அப்படியானால் தினமும் ஏறக்குறைய 400 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான கடினம் எங்கள் குழாய்களுக்குள் போய்வருகிறது, மாதத்துக்கு 12 கிலோ. அத்தனையும் படிந்துவிடாது, பெரும்பகுதி சாக்கடையில் போய்விடும். அதில் கொஞ்சம் தங்கினால்கூட கீசர் நிலைமை எப்படி ஆகும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

டிடிஎஸ் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் ஜாக்கிரதை. அது கரைந்திருக்கிற எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், அதில் கால்சியம் எவ்வளவு, சாதா உப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. எனக்கு முதலில் விலை சொன்ன கடைக்காரர் மீட்டரைப் பார்த்துவிட்டு, ஐந்து பேர் குடும்பத்துக்கு 10 லிட்டர் ரெசின் போதும் என்றார். ஆள் எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவு செய்தால் தப்பாகிவிடும், தண்ணீரின் கடினமும் சேர்ந்துதான் அளவைத் தீர்மானிக்கும். ஒரு லிட்டர் ரெசின் நடைமுறையில் சுமார் 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும். 10 லிட்டர் என்றால் 500 கிராம், எங்கள் தண்ணீரில் அது 700 லிட்டருக்குள் தீர்ந்துவிடும், அதாவது கிட்டத்தட்ட தினமும் ரெசினை உப்புப் போட்டுக் கழுவி மறுபடி தயாராக்க வேண்டும். 25 லிட்டர் என்றால் 1,250 கிராம், 1,700 லிட்டர் வரை ஓடும், மூன்று நாளைக்கு ஒருமுறை கழுவினால் போதும். இதே 25 லிட்டர் டேங்க் கடினம் 300 இருக்கிற வீட்டில் வாரம் ஒருமுறை கழுவினாலே தாங்கும். நான் காகிதத்தில் கணக்கைப் போட்டு நீட்டிய பிறகுதான் அவர் 25 லிட்டருக்கு ஒத்துக்கொண்டார்.

வாங்கியது கையால் திருப்புகிற வால்வு வைத்த மாடல். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஃபைபர் டேங்க், தலையில் பிடி வைத்த வால்வு, பக்கத்தில் உப்புக் கரைசலுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் தொட்டி. 26,500 ரூபாய். தானே கழுவிக்கொள்கிற ஆட்டோமேட்டிக் வால்வு வேண்டுமென்றால் இன்னும் 14,000 கேட்டார்கள். கையால் திருப்புவது கஷ்டமில்லை என்று இதை எடுத்தோம். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால், அல்லது வயசானவர்கள் மட்டும் இருந்தால், ஆட்டோமேட்டிக்கே எடுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் என்பது கேட்கும்போது சின்னதாக இருக்கும், ஆறாவது மாதத்தில் சலிப்பு தட்டும்.

விலையைச் சொல்லும்போது கடைக்காரர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. மாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற தண்ணீரின் அழுத்தம் இதற்குப் போதாது. எங்கள் வீட்டில் கீழே சம்ப், அதிலிருந்து அரை எச்பி மோட்டார், மோட்டாரிலிருந்து சாஃப்ட்னர், அங்கிருந்து மாடியில் தனியாக வைத்த 500 லிட்டர் சின்டெக்ஸ் என்று இணைத்தோம். பழைய தொட்டி அப்படியே இருக்கிறது, அதன் தண்ணீர் கழிவறைக்கும் தோட்டத்துக்கும். இப்படிப் பிரித்ததற்கு மோட்டார், தொட்டி, பைப், கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 14,000. ஆக மொத்தம் 40,000க்கு மேல். வீடு கட்டும்போதே இரண்டு லைன் இழுத்துவிட்டால் இந்தச் செலவில் பாதி மிச்சம், டைல்ஸ் உடைக்கிற வேலையும் இல்லை. கட்டப் போகிறவர்கள் இன்றைக்கே பிளம்பரிடம் சொல்லி வையுங்கள், சாஃப்ட்னர் பிறகு வாங்கிக்கொள்ளலாம். சாஃப்ட்னரைத் தொடாமல் தண்ணீரை நேராக விடுகிற பைபாஸ் வால்வு ஒன்றும் கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள்.

உள்ளே நடப்பது எளிதான விஷயம்தான். ரெசின் என்பது ஜவ்வரிசியைவிடச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகள். ஒவ்வொரு மணியும் சோடியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கால்சியம், மெக்னீசியம் வந்தால் அவற்றைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடும். எல்லா மணியும் நிரம்பிய பிறகு கெட்டியான உப்புக் கரைசலை உள்ளே விட்டால், சோடியம் கூட்டமாக வந்து கால்சியத்தைத் தள்ளி வெளியேற்றிவிடும், மணிகள் மறுபடி தயார். நாங்கள் செய்வது இதுதான்: முதலில் பேக்வாஷ் பத்து நிமிடம், கீழிருந்து மேலாகத் தண்ணீர் போய் அழுக்கைக் கிளப்பும். அப்புறம் 3 கிலோ கல் உப்பைக் கரைத்த கரைசலை இழுக்க வைத்து, மெதுவாக அரை மணி நேரம். கடைசியில் உப்பு போகும்வரை அலசல். பாக்கெட்டில் வருகிற அயோடின் கலந்த தூள் உப்பு வேண்டாம், கட்டி பிடிக்கிறது. சாக்குக் கல் உப்பு போதும், ஆனால் மண் இல்லாமல் பார்த்து வாங்குங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உப்புத் தொட்டியின் அடியைக் கழுவுங்கள். எங்களுக்கு மாதம் 30 கிலோ ஆகிறது, 25 கிலோ மூட்டை 280 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஆக உப்புக்கு மாதம் 340 ரூபாய்க்குள்.

கடைசி அலசலை அவசரப்பட்டு விட்டுவிடக் கூடாது. ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியிலேயே வால்வைத் திருப்பிவிட்டார். மிச்சமிருந்த உப்புக் கரைசல் மாடித் தொட்டிக்கு ஏறிவிட்டது. பையன் பல் விளக்கக் கொப்புளித்துவிட்டு "அம்மா, கடல் தண்ணி மாதிரி இருக்கு" என்று ஓடிவந்தான். அந்த 500 லிட்டரையும் திறந்துவிட வேண்டியதாயிற்று. தண்ணீரை அப்படிக் கொட்டியபோது எனக்கு மனசே ஆறவில்லை. இப்போது அலசல் முடிவில் ஒரு டம்ளரில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் வால்வைத் திருப்புகிறோம்.

தண்ணீர் செலவாவது இதில் எனக்கு இருக்கிற உண்மையான குறை. ஒவ்வொரு கழுவலுக்கும் எங்களுக்கு சுமார் 250 லிட்டர் போகிறது, மாதத்துக்கு 2,500 லிட்டர். ஏப்ரல், மே மாதத்தில் போர் விட்டு விட்டு இழுக்கிற வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. பேக்வாஷ் தண்ணீர் வெறும் போர் தண்ணீர்தான், அதை டிரம்மில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றிவிடுகிறோம். உப்புக் கரைசல் வெளியேறுகிற தண்ணீரை மட்டும் மண்ணில் விடவே கூடாது. பக்கத்து வீட்டில் அதை மாமரத்துப் பாத்தியில் விட்டு, இலை ஓரமெல்லாம் கருகிப்போனதை நான் பார்த்தேன். சாஃப்ட்னர் தண்ணீரையும் செடிக்கு ஊற்றாதீர்கள், சோடியம் மண்ணை இறுக்கிவிடும். செடிக்குப் பழைய போர் தண்ணீரே மேல்.

பலன் எப்படி? முதல் நாள் குளித்துவிட்டு வந்த அத்தை, "ஏம்மா, சோப்பு போகவே மாட்டேங்குது, எத்தன ஊத்தினாலும் வழுவழுன்னே இருக்கு" என்றார். சோப்பு போய்விட்டிருந்தது. கால்சியத்தோடு சேர்ந்து தோலில் ஒட்டுகிற அந்த வெள்ளைப் பிசுக்கு இல்லாமல் போனதால்தான் அந்த வழவழப்பு, ஒரு வாரத்தில் பழகிவிடும். துவைக்கிற பவுடர் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. துண்டு விறைக்காமல் துண்டு மாதிரியே இருக்கிறது. கீசரை 12வது மாதத்தில் திறந்து பார்த்தோம், காயில் மேல் மெல்லிய பொடிதான் இருந்தது, விரலால் துடைத்தாலே வந்தது. பழைய படிவுகள் தானாக மறையாது, டைல்ஸையும் ஷவரையும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஊறவைத்து நாமே எடுக்க வேண்டும். அப்படி எடுத்தது திரும்பி வரவில்லை. கண்ணாடியில் சொட்டு காய்ந்தால் வெள்ளைப் புள்ளி இப்போதும் விழுகிறது, ஆனால் ஈரத் துணியால் துடைத்தால் போய்விடுகிறது. டைல்ஸுக்கு ஆசிட் ஊற்றுகிறவர்கள் தயவுசெய்து அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூடின குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

முடி கொட்டுவது நின்றுவிடும் என்று விற்கும்போது சொன்னார்கள். என் அனுபவத்தில் முடியின் முரட்டுத்தனம் போனது, சிக்கு குறைந்தது, கொட்டுவது கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்காக மட்டும் யாரும் 40,000 போடாதீர்கள்.

இனி ஃபுளோரைடு. மாட்டி முடித்த அன்று கடையிலிருந்து வந்தவர் சாஃப்ட்னர் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து எங்கள் அத்தையிடம் நீட்டினார். "இனிமே இதையே குடிக்கலாம் பாட்டி, ஃபுளோரைடு எல்லாம் வடிகட்டிடும்." அத்தை பிறந்தது பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில். சின்ன வயசில் குடித்த போர் தண்ணீரின் பழுப்புக் கோடுகள் இன்றைக்கும் அவர் பல்லில் இருக்கின்றன. கல்யாணப் போட்டோவில்கூட வாயை மூடித்தான் சிரித்திருப்பார். முட்டி முழுசாக மடங்காது, காலையில் எழுந்தால் முதுகு விறைத்திருக்கும். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார், குடிக்கவில்லை. "ஊத்திடுங்க அத்தை, டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் பார்க்கலாம்" என்றேன். அடுத்த வாரம் சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு பாட்டில், பின்னால் ஒரு பாட்டில் கொடுத்தோம். கடினத்தன்மை 720இலிருந்து 30க்கு வந்திருந்தது, அற்புதம். ஃபுளோரைடு முன்னால் 1.9, பின்னால் 1.9. டிடிஎஸ்ஸும் ஏறக்குறைய அதே எண்.

காரணம் சிக்கலானது இல்லை. கால்சியம், மெக்னீசியம், சோடியம் எல்லாம் நேர்மின் ஏற்றம் உள்ளவை, இந்த ரெசின் அவற்றை மட்டும்தான் மாற்றிக்கொள்ளும். ஃபுளோரைடு எதிர்மின் ஏற்றம் உள்ளது, ரெசினைத் தொடாமல் கடந்து போய்விடும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஃபுளோரைடைக் குறைக்க ஆர்ஓ வேண்டும், அல்லது ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி, அல்லது படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிய வைக்கிற நல்கொண்டா முறை. இன்னொன்று இதைவிட முக்கியம்: உப்புப் பிடிக்காத, சோப்பு நன்றாக நுரைக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு இருக்காது என்று நினைக்காதீர்கள். கால்சியம் குறைவாகவும் சோடியம் அதிகமாகவும் இருக்கிற போர் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு கூடுதலாகவே கரைந்திருக்கும். பக்கெட்டில் வெள்ளை இல்லை, அதனால் நல்ல தண்ணீர் என்று பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடக் கூடாது. பல் ஈறுக்குள் உருவாகிற வயசில் குடித்தது பிறகு எந்த மருந்துக்கும் மாறாது.

சாஃப்ட்னர் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்பதற்கு எங்கள் வீட்டில் இரண்டாவது காரணமும் உண்டு. 720 கடினத்தை எடுத்துவிட்டு லிட்டருக்கு 330 மில்லிகிராம் சோடியத்தைச் சேர்க்கிறது. அத்தைக்கு பிபி மாத்திரை ஓடுகிறது.

குடிக்கவும் சமைக்கவும் எங்களுக்கு ஒகேனக்கல் தண்ணீர்தான். ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாயில் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்துப் போட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013இல் தொடங்கிவைத்தார்கள். அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு கூடியதால் வருகிற பல், எலும்பு நோய்) என்ற சொல் இருக்கிறது, எதற்காக வந்த தண்ணீர் என்று அதிலேயே தெரியும். எங்கள் தெருவுக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிறது. வராத நாளுக்கு டிரம்மில் பிடித்து மூடி வைக்கிறோம். சிலர் குடிக்க மட்டும் அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு சோறும் களியும் போர் தண்ணீரில் ஆக்குகிறார்கள். அரிசியும் ராகி மாவும் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சுகின்றன என்று யோசித்துப் பாருங்கள், சமைக்கிற தண்ணீரும் வயிற்றுக்குள் போகிற தண்ணீர்தான். ஒகேனக்கல் தண்ணீர் எட்டாத வீட்டில் சமையலறைக்கு மட்டும் ஆர்ஓ வையுங்கள். அந்த ஆர்ஓவுக்கு முன்னால் சாஃப்ட்னர் இருந்தால் அதன் வடிகட்டிச் சவ்வான மெம்பரேன் கல் பிடிக்காமல் கூடுதல் நாள் உழைக்கும்.

சர்வீஸ் பற்றி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவோம் என்று பில்லில் எழுதிக் கொடுத்தார்கள். 14 மாதத்தில் வந்தது இரண்டு முறை, அதுவும் நான் பல தடவை கூப்பிட்ட பிறகு. இரண்டாவது முறை வந்த பையனுக்கு கடினத்தன்மை அளக்கிற கிட் என்றால் என்னவென்றே தெரியவில்லை, டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்துவிட்டு "ரெசின் போயிடுச்சு மேடம், மாத்தணும்" என்றான். நான் என்னுடைய கிட்டை எடுத்து அவன் முன்னாலேயே போட்டுக் காட்டினேன். ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர், ஒரு துளி நிறக்கரைசல் விட்டால் கடினம் இருந்தால் ஒயின் சிவப்பு, பிறகு சொட்டுச் சொட்டாக இன்னொரு கரைசல் விட்டு நீலமாக மாறும்வரை எண்ண வேண்டும். மூன்றே சொட்டில் நீலமானது. ரெசின் நன்றாகத்தான் இருந்தது. 500 ரூபாய்க்குள் வாங்கிய அந்த கிட் அன்றைக்கு எனக்கு 9,000 ரூபாயை மிச்சம் பிடித்தது. நல்ல ரெசின் சாதாரணமாக ஐந்து வருடத்துக்கு மேல் உழைக்கும், இரும்புக் கறை ஏறாமல் இருந்தால். கிருஷ்ணகிரியில் என் நாத்தனார் வீட்டுப் போரில் இரும்பு அதிகம், பிடித்து வைத்தால் செம்மண் நிறமாகும். அங்கே இரும்பு ஃபில்டர் போடாமல் நேராக சாஃப்ட்னர் மாட்டிவிட்டார்கள், ஒரே வருடத்தில் ரெசின் பழுப்பாகி வேலை செய்யாமல் போய்விட்டது. பொருள்மேல் தப்பில்லை, தண்ணீரைப் பார்க்காமல் மாட்டியதுதான் தப்பு.

ஆக, பொருளுக்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன், குறைத்த அரை வீணாகிற தண்ணீருக்காக. சர்வீஸுக்கு ஒன்றரை. விற்கும்போது ஃபுளோரைடைப் பற்றிச் சொன்னதற்கு ஒன்றுமே கொடுக்க மாட்டேன்.

வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கீசரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், கீசர் சூட்டை 50 டிகிரிக்குள் வையுங்கள், சூடு குறையக் குறையப் படிவும் குறையும். வாஷிங் மெஷினை மாதம் ஒருமுறை எலுமிச்சை உப்புப் போட்டு வெறுமனே ஓட்டுங்கள். தண்ணீர் எவ்வளவு கடினம் என்று தோராயமாகப் பார்க்க மூடியுள்ள இரண்டு பாட்டில் போதும். ஒன்றில் மழைத் தண்ணீர், ஒன்றில் உங்கள் போர் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். மழைத் தண்ணீரைவிட போர் தண்ணீரில் நுரை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு கடினம் என்று அர்த்தம். ஷாம்பூவோ பாத்திரம் கழுவுகிற திரவமோ போடாதீர்கள், அவை உப்புத் தண்ணீரிலும் நுரைத்துவிடும், ஒன்றும் தெரியாது.

வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, விளிம்புவரை பிடித்து மூடி ஆய்வகத்துக்கு எடுத்துப் போங்கள். மொத்தக் கடினத்தன்மை, ஃபுளோரைடு, இரும்பு என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தக் காகிதத்தைக் காட்டிய பிறகும் உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கிற கடையாக இருந்தால், அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.